சட்டம் தெரியாது என்றால் மன்னிப்பு இல்லையாம்! தெரிய வைத்தது யார்?

இளைஞனே! உனக்குத் தெரிந்த சட்டம் எவ்வளவு என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார். ஏமாற்றுக்காரனைக் கண்டால் '420' என்கிறாய். ஊரில் பதற்றம் என்றால் '144 போட்டு விட்டார்கள்' என்கிறாய். அவ்வளவுதான் உன் சட்ட அறிவு! அந்த இரண்டு எண்களும்கூட இன்று மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல், 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 420 இப்போது 318-வது பிரிவின் 4-வது உட்பிரிவு. 144 இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவு. நமக்குத் தெரிந்திருந்த இரண்டே இரண்டு எண்களும் பறிபோய்விட்டன! இதை உனக்கு யார் சொன்னார்கள்? உன் பள்ளிக்கூடம் சொன்னதா?

சில மாதங்களுக்கு முன் நம் கடைவீதியில் நடந்ததைச் சொல்கிறேன். பாத்திரக் கடை பாய் ஒருவரின் மகன். வயது 19. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸில் நூற்றுக்கு நூறு எடுத்தவன். கல்லூரியில் உடன் படிக்கும் ஒருவன், "உன் பேங்க் அக்கவுண்டில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்கு 5,000 ரூபாய்" என்றிருக்கிறான். இவனும் ஏ.டி.எம். கார்டைக் கொடுத்துவிட்டான். மூன்றாம் மாதம் வெளிமாநிலத்துப் போலீஸார் வாசலில் வந்து நின்றார்கள். எங்கோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணம் இவன் கணக்கு வழியாகக் கைமாறியிருக்கிறது.

அந்தப் பிள்ளை தன் தகப்பனாரிடம் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "அத்தா, அக்கவுண்டுதான் என் பேரில் இருக்கு. பணம் என்னுது இல்லையே. அப்புறம் எனக்கென்ன?"

நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளையின் பதில் இது! அவனுக்குக் கணினி தெரியும். தன் பெயருக்கும் தன் கையெழுத்துக்கும் சட்டத்தில் என்ன கனம் என்பது தெரியாது. அவனுடைய அத்தாவுக்கோ, நோட்டீஸ் என்றால் என்ன, கைது என்றால் என்ன, ஜாமீன் எங்கே கேட்பது, வக்கீலை எப்போது அழைப்பது, எதுவும் தெரியாது. ஓடினார். யாரைத் தேடி? ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஒரு புரோக்கரைத் தேடி! கடையின் ஒரு மாத வியாபாரப் பணம் அந்தப் புரோக்கரின் சட்டைப் பைக்குப் போனது. வழக்கு அப்படியே நின்றது.

இதற்கு யார் பொறுப்பு? பையன் என்பீர்கள். ஆம், அவன் செய்தது தவறுதான். அதை நாம் மூடி மறைக்கவில்லை. ஆனால் 12 ஆண்டுகள் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்த பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பே இல்லையா?

அரசின் இரட்டை நாக்கு

'சட்டம் தெரியாது என்பது மன்னிப்புக்குக் காரணமாகாது.' எல்லா நீதிமன்றங்களும் சொல்லும் விதி இது. பழைய தண்டனைச் சட்டத்தின் 76, 79-வது பிரிவுகளிலும், அவற்றின் இடத்தில் வந்த புதிய சட்டத்தின் 14, 17-வது பிரிவுகளிலும் அதுதான் இருக்கிறது. நடந்த விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவனுக்கு விலக்கு உண்டு. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவனுக்கு விலக்கு இல்லை.

சரி, ஒப்புக்கொள்வோம். 'எனக்குத் தெரியாது' என்று எல்லோரும் தப்பித்துக்கொள்ள முடியுமானால் எந்தச் சட்டமும் நிற்காது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறவனுக்குத் தெரிய வைக்கும் கடமை இருக்கிறதா, இல்லையா? தேர்வு வைக்கிறார்கள், தோற்றால் சிறை என்கிறார்கள், பாடப் புத்தகத்தை மட்டும் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

வயதுக் கணக்கைப் பாருங்கள். நம் மாநிலத்தில் 1978-ல் பி.யூ.சி. போய் மேல்நிலைக் கல்வி வந்தது. பிளஸ் ஒன் சேரும் பிள்ளைக்கு 15 அல்லது 16 வயது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் என்ன சொல்கிறது? 16 வயது நிறைந்தவன் கொடிய குற்றம் செய்ததாகப் புகார் வந்தால், அவனுடைய மனநிலையையும் புரிதலையும் ஆராய்ந்து பார்த்து, பெரியவனைப் போலவே விசாரிக்க அனுப்பலாம் என்கிறது. 18 வயது நிறையும் நள்ளிரவில் அவன் ஒப்பந்தம் போடலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்திடலாம், கூட்டு வியாபாரத்தில் பங்காளியாகலாம், ஓட்டும் போடலாம். அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ என்ற அந்த இரண்டு ஆண்டுகளில்தான் சட்டம் ஒரு பிள்ளையின் கழுத்தில் முழுப் பாரத்தையும் ஏற்றுகிறது. அதே இரண்டு ஆண்டுகளில்தான் பள்ளிக்கூடம் வாயைத் திறக்காமல் இருக்கிறது!

அறிவியல் குரூப் எடுத்தவனுக்குத் தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று தெரியும். எஃப்.ஐ.ஆர். என்ற மூன்றெழுத்துக்கு என்ன பொருள் என்று தெரியாது. சமூக அறிவியல் படித்தவன் மக்களவையில் 543 இடங்கள் என்று ஒப்பிப்பான். போலீஸ் நிலையத்தில் ஒரு புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னால் திருதிருவென விழிப்பான். குடிமையியல் என்ற பெயரில் ஆள்கிறவர்களின் பதவிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆளப்படுகிறவனின் உரிமையைச் சொல்லிக் கொடுத்தார்களா?

'வணிகவியலில் இருக்கிறதே!'

சில கல்வியாளர்கள் உடனே எழுந்து வருவார்கள். "மேல்நிலை வணிகவியல் புத்தகத்தில் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது, 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் பாதுகாப்பு இருக்கிறது. தெரியாமல் பேசாதீர்கள்" என்பார்கள்.

இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் எப்படி இருக்கிறது? 'ஒப்பந்தம் என்றால் என்ன? இலக்கணம் தருக. இரண்டு மதிப்பெண்.' பிள்ளை மனப்பாடம் செய்கிறான், எழுதுகிறான், மறக்கிறான். இரண்டே ஆண்டில் தகப்பனார் கடையில் உட்காருகிறான். மொத்த வியாபாரி வந்து, "தம்பி, செக்கில் தொகை எழுத வேண்டாம், கையெழுத்து மட்டும் போட்டுக் கொடு, பழக்கத்துக்காகத்தான்" என்கிறார். இவனும் போட்டுக் கொடுக்கிறான்! மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை இவன்!

வணிகவியல் படிக்காத மாணவனுக்கு அந்த இரண்டு மதிப்பெண் சட்டமும் இல்லை.

சி.பி.எஸ்.இ. 2013-ல் 11-ஆம் வகுப்பில் 'லீகல் ஸ்டடீஸ்' என்ற பாடத்தைக் கொண்டு வந்தது. இங்கிலாந்தில் 16 முதல் 18 வயதுப் பிள்ளைகள் எழுதும் ஏ-லெவல் தேர்வில் சட்டம் ஒரு பாடம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களிலும் பள்ளி இறுதி வகுப்பில் சட்டம் படிக்கலாம். ஆக, 'இந்த வயதில் சட்டம் புரியாது' என்ற சாக்கு செல்லாது. ஆனால் இவையெல்லாம் விருப்பப் பாடங்கள். விருப்பப் பாடம் விரும்பியவனோடு நின்றுவிடும். வக்கீலாகப் போகிறவனுக்கு மட்டும் சட்டம் சொல்லிக் கொடுப்பது, டாக்டராகப் போகிறவனுக்கு மட்டும் கை கழுவக் கற்றுக் கொடுப்பதைப் போன்றது!

எதைக் கற்றுக் கொடுப்பது?

பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வைக்கும் இன்னொரு பாடத்தை நாம் கேட்கவில்லை. எண்கள் மாறும், 420 மாறியதைப் போல. மாறாதது அடிப்படை. அதைத்தான் கேட்கிறோம். முதல் பாடம் கையெழுத்து. இரண்டாவது பாடம் காவல் நிலையம். மூன்றாவது பாடம் கடை. இந்த மூன்றையும் ஒழுங்காக நடத்தினாலே பாதிப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள்.

கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன், "நான் தொகையை எழுதவில்லையே" என்று தப்ப முடியாது. செக்கில் உள்ள கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் கொடுத்தான் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் அவன் தலையில்தான். பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. தண்டனை என்ன? இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம். 'பழக்கத்துக்காக' போட்ட கையெழுத்தின் விலை இது!

அதே சட்டம் செக் வாங்கியவனுக்கும் காலக்கெடு வைத்திருக்கிறது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதற்கும் கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். 'பாவம், அடுத்த மாதம் தருகிறேன் என்கிறார்' என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்ட வியாபாரிகள் எத்தனை பேர்! இரக்கம் காட்டுவது நல்லதுதான். கெடு தெரிந்துகொண்டு காட்டுவது அதைவிட நல்லது.

அடுத்து காவல் நிலையம். புகார் கொடுக்கப் போகிறோம். ஒரு சீட்டைக் கொடுத்து, "பதிவு பண்ணியாச்சு, போங்க" என்கிறார் ரைட்டர். நாமும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அது சி.எஸ்.ஆர். ரசீது. எஃப்.ஐ.ஆர். வேறு, சி.எஸ்.ஆர். வேறு! போலீஸார் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுதலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இதைத் தெரிந்துகொள்ள வக்கீல் படிப்பு வேண்டுமா? நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று போதாதா?

விசாரணைக்கு அழைக்கப்பட்டால்? போலீஸாரிடம் விசாரணையில் சொல்லும் வாக்குமூலத்தை அவர்கள் எழுதிக்கொள்ளலாம். சொன்னவரிடம் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 162-வது பிரிவிலும் இருந்தது, புதிய சட்டத்தின் 181-வது பிரிவிலும் இருக்கிறது. சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்டவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும் நிலையத்துக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

கைது செய்யப்பட்டால்? காரணத்தைச் சொல்ல வேண்டும். விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது யாரும் போடும் பிச்சையல்ல, அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு! காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், சிறுவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போதும். பாத்திரக் கடை பாய்க்கு இந்த ஐந்து இலக்கம் தெரிந்திருந்தால் புரோக்கர் வாசலுக்கு ஏன் போகிறார்?

'டிஜிட்டல் கைது' என்று ஒரு புதுக் கொள்ளை கிளம்பியிருக்கிறது. வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு ஒருவன் தோன்றி, "உன்னைக் கைது செய்துவிட்டோம், அறையை விட்டு வெளியே வராதே" என்கிறான். ஓய்வு பெற்ற அதிகாரிகளும் படித்தவர்களும் ஆயுள் சேமிப்பை அனுப்பிவிட்டு அழுகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது! விசாரணைக்கு வரச் சொல்லும் 35-வது பிரிவு நோட்டீஸையே வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைது என்றால் என்ன என்று 16 வயதில் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், பாட்டியின் கையிலிருந்து போனை வாங்கி, "போடா" என்று சொல்லி வைத்திருப்பானே!

மூன்றாவது, கடை. கடனுக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டு சும்மா இருந்தால், 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி வழக்குப் போடும் வழி அடைபடும். கெடு முடிவதற்குள், 'இவ்வளவு பாக்கி உண்டு' என்று கடன்காரர் எழுதிக் கையெழுத்திட்டால் கெடு புதிதாகத் தொடங்கும். ஒரே ஒரு வரி! அந்த வரி தெரியாமல் பழைய பற்று நோட்டுகளைச் செல்லரிக்க விட்டவர்கள் நம் தகப்பன்மார்கள்.

வாடகை ஒப்பந்தத்தை ஏன் 11 மாதத்துக்குப் போடுகிறோம்? பெரும்பாலோருக்குக் காரணம் தெரியாது. 'எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.' ஓராண்டைத் தாண்டிய குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் அது. ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், நகர்ப்புற வாடகை ஒப்பந்தங்களை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதியச் சொல்கிறது. 11 மாதம் என்ற மந்திரம் இனி காப்பாற்றாது. கடை வாடகைக்கு எடுத்திருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்று. 16 வயது மகனிடம் பைக் சாவியைக் கொடுத்து, "மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கை எடுத்து வா" என்று அனுப்பும் வியாபாரிகளே! மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199-ஏ பிரிவைக் கேளுங்கள். சிறுவன் ஓட்டிக் குற்றம் செய்தால் தகப்பனாருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது!

எப்படிக் கற்றுக் கொடுப்பது?

கதை சொல்லிக் கற்றுக் கொடுங்கள். சட்டம் முழுவதும் கதைதான். கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் தன் சொத்தை அடமானம் வைத்து வட்டிக்காரரிடம் 20,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். பிறகு, "நான் மைனர், பத்திரம் செல்லாது" என்று வழக்குப் போட்டான். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1903-ல் தீர்ப்பு வந்தது: மைனர் போட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. கொடுத்த பணமும் திரும்பி வரவில்லை! இதை வகுப்பில் இரண்டு கட்சியாகப் பிரித்து வாதாட விடுங்கள். மைனர் ஏமாற்றினால் அவனை விட்டுவிடுவதா? வட்டிக்காரர் வயதை விசாரித்திருக்க வேண்டாமா? வகுப்பு தூங்குமா?

ஹுஸைனாரா காத்தூன் என்ற பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஏழைகளுக்காக 1979-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு அவர் பெயரில்தான் இருக்கிறது. விரைவான விசாரணை ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று அந்த வழக்கில்தான் நீதிமன்றம் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். இந்த நாட்டின் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கும் பெயர், ஒரு முஸ்லிம் பெண் கைதியின் பெயர்! நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

டி.கே. பாசு என்பவர் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர். லாக்கப் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைப் படித்துவிட்டு 1986-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம், கைது செய்யும்போது போலீஸார் கடைப்பிடிக்க வேண்டிய 11 கட்டளைகளை 1996 டிசம்பரில் பிறப்பித்தது. பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்ததுதான்.

'சட்டம் நமக்கு எதிரானதுதானே, அதைப் படித்து என்ன ஆகப் போகிறது?' என்று விரக்தி பேசும் இளைஞனே, உனக்கும் இதுவே பதில். உன் கோபம் புரிகிறது. 1987-ஆம் ஆண்டின் தடா சட்டம், எஸ்.பி. தகுதியுள்ள போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. 1994-ல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவு செல்லும் என்றது. 1995-ல்தான் அந்தச் சட்டம் காலாவதியானது. சாதாரணச் சட்டத்தில் இல்லாத கொடுமை அது என்று புரிந்து எதிர்த்தவர்கள் யார்? சட்டம் தெரிந்தவர்கள்தான்! தெரியாதவன் போடும் கூச்சல் தெருமுனையோடு நின்றுவிடும். தெரிந்தவன் எழுதிய கடிதம் பத்து ஆண்டு கழித்தாவது போலீஸாரின் சட்டையில் பெயர்ப் பட்டையைக் குத்த வைத்தது.

நம் முகத்தையும் கண்ணாடியில் பார்ப்போம்

அரசை மட்டும் குறை சொல்லிவிட்டுக் கை கழுவ முடியாது. முஸ்லிம் தனியார் சட்டத்துக்கு ஆபத்து என்றால் கூட்டம் கூட்டமாகத் திரளுகிறோம். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தைக் கையில் எடுத்துப் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? ஒரு சில பிரிவுகளே கொண்ட சின்னஞ்சிறு சட்டம் அது! அதில் விவசாய நிலம் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் 1949-ல் திருத்தம் கொண்டு வந்து விவசாய நிலத்தையும் சேர்த்தார்கள். 'நஞ்சையில் பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கு கிடையாது' என்று இன்றும் தங்கையிடம் சொல்லும் அண்ணன்மார்கள் நம் ஊர்களில் இல்லையா? சட்டத்தைப் படிக்காத சமுதாயத்தில் முதலில் ஏமாறுபவள் வீட்டுப் பெண்தான்.

நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதியாக 1989-ல் அமர்ந்தவர் பாத்திமா பீவி. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பெண்கள் கல்லூரியையும் நிறுவியவர் பஷீர் அஹமது சயீத். அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் மு.மு. இஸ்மாயில். மேடையில் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். வீட்டுக்கு வந்தால் "வக்கீலுக்குப் படிக்கிறேன்" என்கிற மகனிடம், "துபாய்க்குப் போடா, அங்கே நாலு காசு பார்" என்கிறோம்!

'பிள்ளைகளுக்குச் சட்டம் தெரிந்தால் எதற்கெடுத்தாலும் கோர்ட்டுக்குப் போவார்கள்' என்று பெரியவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். நடப்பது நேர்மாறு. எழுதிப் போடாத பங்கும், ரசீது வாங்காத கடனும், படிக்காமல் போட்ட கையெழுத்தும்தான் மனிதனைக் கோர்ட்டுக்கு இழுக்கின்றன. 'அரைகுறை அறிவு ஆபத்து' என்றும் சொல்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் பள்ளிப் பாடத்தின் கடைசி வரி, 'இதற்கு மேல் வக்கீலைப் பார்' என்று இருக்க வேண்டும். எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வக்கீலை அழைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதே பெரிய சட்ட அறிவு.

என்ன செய்ய வேண்டும்?

'படிப்புச் சுமை கூடுமே' என்று அரசு இனித் தட்டிக் கழிக்க முடியாது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத் தேர்வு வேண்டாம் என்றது. ஆக, ஓர் ஆண்டு பொதுத் தேர்வுப் பயம் இல்லாமல் கிடைக்கிறது. அதில் வாரம் ஒரு பாடவேளை கேட்கிறோம். இது பெரிய கேட்பா?

அரசிடம் நம் கோரிக்கைகள்:

1. எந்த குரூப் எடுத்தாலும் பிளஸ் ஒன் மாணவர் அனைவருக்கும் வாரம் ஒரு பாடவேளை அடிப்படைச் சட்டம் நடத்த வேண்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம்.

2. மேற்கொண்டு படிக்க விரும்புவோருக்கு மாநிலப் பாடத்திட்டத்திலேயே சட்டம் ஒரு முழுப் பாடமாக, தமிழில், வேண்டும்.

3. சட்ட அறிவைப் பரப்புவது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் முகாமும் போட்டோவும் போதாது. மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தொடர்ந்து வர வேண்டும்.

4. நீதிமன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பிளஸ் ஒன் மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறை அழைத்துப் போய் விசாரணையை நேரில் காட்ட வேண்டும். கோர்ட் படியை முதன்முதலில் குற்றவாளிக் கூண்டுக்காக ஏறும் நிலை நம் பிள்ளைக்கு வேண்டாம்.

அரசு செய்யும் வரை காத்திருப்பதா? வேண்டாம். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 1972-ல் வாஷிங்டன் பள்ளிகளுக்குப் போய் அன்றாட வாழ்க்கைக்கான சட்டத்தை நடத்தத் தொடங்கினார்கள். 'ஸ்ட்ரீட் லா' என்று அதற்குப் பெயர். பல நாடுகளுக்குப் பரவியது. நமக்கு என்ன குறை? சென்னை, மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நம் அறக்கட்டளைகள் நடத்தும் மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஜமாஅத் மண்டபங்கள் கல்யாணம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன.

வியாபாரப் பெருமக்களே! கடை விளம்பரத்துக்குக் காலண்டர் அடிக்கிறீர்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். மே மாத விடுமுறையில் பத்து நாள். நாளுக்கு இரண்டு மணி நேரம். இரண்டு சட்டக் கல்லூரி மாணவர்கள், மேற்பார்வைக்கு ஒரு மூத்த வக்கீல். ஆண் பிள்ளைகளும் வரட்டும், பெண் பிள்ளைகளும் வரட்டும். எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் வரட்டும். புகார் எழுதட்டும். 10 ரூபாயில் தகவல் உரிமை மனு எழுதட்டும். வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கட்டும். பத்தாம் நாள் நீங்களும் வந்து பின்வரிசையில் உட்காருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நமக்கும் தெரியாதுதான்!

பாத்திரக் கடை பாயின் மகன் ஜாமீனில் வந்துவிட்டான். வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏறி வெளிமாநிலக் கோர்ட்டுக்குப் போய் வருகிறான். கல்லூரிப் படிப்பு பாதியில் நிற்கிறது. அவனுடைய தம்பி இந்த ஆண்டு பிளஸ் ஒன்.

அந்தத் தம்பிக்கு யார் சொல்லிக் கொடுப்பது? அரசா? பள்ளியா? ஜமாஅத்தா? அல்லது மீண்டும் அந்த ஸ்டேஷன் வாசல் புரோக்கர்தானா?

சமுதாயமே, பதில் சொல்!